மருலாக் வீட்டுப் பங்கு

பெரிய ஏரிக்கு நடுவே இருக்கும் சமோசிர் தீவின் மேற்குக் கரையில் ஒரு பன்றியை அறுத்தால் யாருக்கு எது என்பதில் சண்டை வரக் கூடாது. விலா, பெண் கொடுத்த வீட்டாருக்கு. மூட்டுக்கறி, அக்கம்பக்கத்தாருக்கு. தாடைக்கும் கழுத்துக்கும் பின்தொடைக்கும் தனித்தனி முறை உண்டு. துண்டின் அளவை யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்தின் நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்களே, அதைத்தான் பார்ப்பார்கள். தன் பெயர் விழாமல் போன மனிதன் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டான். அவன் பேரன் காலத்திலும் அந்தக் கதை உயிரோடிருக்கும்.

மருலாக் ஹரியாஞ்சா இருபத்தாறு வருடமாகப் பங்கு கூப்பிட்டு வந்தார். ஒரு பெயர் தவறியதில்லை. ஆள் குள்ளம், கொஞ்சம் தொப்பை, வெங்காயம் போட்டுப் பிழைக்கிறவர். குரல் மட்டும் வேறு யாருடைய உடம்பிலோ இருக்க வேண்டியது. பந்தலின் கடைசி வரிசையில் தூங்கும் கிழவரைக்கூட எழுப்பிவிடும்.

ஊர்க் கிறிஸ்தவ சபையில் மூப்பரும் அவர்தான். காய்ச்சல்காரன் வீட்டில் ஜெபம், செத்த வீட்டில் பெட்டி, சபைக் கூரையில் ஒழுகல், அண்ணன் தம்பி வரப்புச் சண்டை எல்லாவற்றுக்கும் மருலாக். வாசலில் யாராவது "மூப்பரே" என்றால் போதும், வாயிலிருக்கும் சோறு தொண்டையைத் தாண்டுமுன் அவர் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

விசேஷங்களில் இன்னொன்றும் செய்வார். எவ்வளவு கணக்காகப் பங்கு போட்டாலும் கடைசியில் ஒருவர் மிஞ்சிவிடுவார். தாமதமாக வந்த தூரத்து உறவு, யாரையோ இறக்கிவிட வந்த லாரி டிரைவர், இப்படி. அப்போது மருலாக் தன் வீட்டுக்கென்று ஒதுக்கிய பங்கைத் தூக்கி, "இந்தாங்க, இது உங்களுக்கு" என்று நீட்டுவார். பந்தல் முழுக்க ஆஹா என்னும். சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி லம்தியுர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாத்திரத்தை எடுப்பாள்.

மகன் பின்சாருக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்த மௌனம் உடைந்தது.

பெண்ணின் பெயர் ரியாமா. நல்ல குடும்பம், பையனுக்கும் பிடித்திருந்தது, சபையில் தேதியும் சொல்லியாயிற்று. ஆனால் பின்சாரின் தாய்மாமன் தும்பாக் வர மாட்டேன் என்றுவிட்டார். மாமன் மகளைக் கட்ட வேண்டிய பையன் வெளியே பெண் எடுத்தால், மாமன் எழுந்து வந்து அந்தப் பெண்ணைத் தன் மகள் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். தன் கையால் இருவருக்கும் துணி போர்த்த வேண்டும். அதுவரைக்கும் அவள் அந்த வீட்டுக்கு விருந்தாளிதான். ரியாமாவின் அப்பா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "மாமன் வராத வீட்டுக்கு எங்க பொண்ணை அனுப்பறதா இல்ல."

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. இரண்டு பெரிய மனிதர்களை மருலாக் தூது அனுப்பினார். இருவரும் தும்பாக் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வெறும் பதிலோடு திரும்பினார்கள்.

"என்னதான் சொன்னார்?"

தூது போனவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர் சொன்ன மாதிரியே சொல்லட்டுமா மூப்பரே? 'பங்கு கூப்பிட ஊருக்கே ஒரு ஆள் இருக்காரே, மாமன் பங்கையும் அவரே கூப்பிட்டு அவரே வாங்கிக்கட்டும்'னார்."

தும்பாக் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாக்கில் இன்னும் பிரம்பு இருந்தது.

கோபத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் முன்பு லம்தியுரின் அப்பா இறந்தார். பேரன் பேத்தி எல்லாம் எடுத்து முடித்த நிறைந்த சாவு. எருமை கட்டி, மேளம் வைத்து, மூன்று நாள் நடந்தது. அந்த மாதிரி வீட்டில் அடுப்படியும் கத்தியும் மருமகன் பொறுப்பு. துக்கப்படுகிற மகன் தன் கையால் கறி வெட்டக் கூடாது. அந்த வீட்டுக்கு லம்தியுர் ஒரே பெண், மருலாக் ஒரே மருமகன்.

எருமையை அறுக்கிற நாளில் அக்கரையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். அவர்கள் சபைக்கு அன்று ஐம்பதாம் ஆண்டு விழாவாம். பங்கு கூப்பிடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். "மூணு பேரை வெச்சுப் பார்த்துட்டோம் மூப்பரே, பின்வரிசைக்குக் கேக்கல. ஒரே ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிடுங்க."

மருலாக் போனார். இரண்டாயிரம் பேர். கைதட்டினார்கள். திரும்பும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எருமை வெட்டி முடிந்திருந்தது. தும்பாக்கின் வெள்ளைச் சட்டையில் முழங்கை வரைக்கும் ரத்தம். அவர் மருலாக்கை ஒருமுறை பார்த்தார், தொட்டியில் கை கழுவினார், முதுகைக் காட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்த முதுகைத்தான் பார்க்கிறார் மருலாக்.

தூது திரும்பி வந்த மத்தியானம், புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கற்றை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அண்ணனுக்கு மனசே இல்ல" என்றார் மருலாக். "நான் என்ன குடிக்கவா போனேன்? சபைக் காரியத்துக்குப் போனேன். பிறனை நேசிக்கணும்னுதானே நாம படிச்சது?"

லம்தியுர் நாரை இழுத்து முடிந்தாள். "அங்க இரண்டாயிரம் பேர் இருந்தாங்க."

"ஆமா."

"எங்க வீட்டுக்கு எத்தனை மருமகன்?"

அவர் இன்னொரு கற்றைக்கு வெங்காயத்தை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"நீங்க போகாட்டி அங்க என்ன ஆயிருக்கும்? பின்வரிசைக்குக் கேக்காது. பத்துப் பேர் எழுந்து முன்னாடி வந்திருப்பாங்க. நீங்க போனதுல இங்க என்ன ஆச்சு? எங்கப்பா சாவுக்கு எங்கண்ணனே கறி வெட்டினான்."

"அதுக்கு மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பியாச்சே."

"ஆள் அனுப்பினீங்க. அடுத்தவன் வீட்டு வரப்புக்கு நடந்து போற காலு, பொண்டாட்டி வீட்டுக்கு ஆள் அனுப்புது." கற்றையைக் கூடையில் எறிந்தாள். "இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்குங்க. பந்தல்ல நம்ம வீட்டுப் பங்கைத் தூக்கிக் கொடுக்கறீங்களே, அது யாரோடது?"

"நம்மளோடது."

"நம்மளோடதுன்னா எனக்கும் பின்சாருக்கும் செத்துப்போன உங்க அப்பா பேருக்கும் சேர்த்து. ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா? கேட்டா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? எங்க பங்கை எடுத்துக் கொடுத்து உங்க பேரை வாங்கிட்டு வர்றீங்க."

"லம்தியுர், இது ரொம்ப அதிகம்."

"அதிகமில்ல. ஆண்டவரை முதல்ல வைன்னு சொல்லியிருக்கு. அவரை முதல்ல வெச்சவனுக்கு, வீட்டை எங்க வைக்கணும், ஊரை எங்க வைக்கணும்னு அவரே கைபிடிச்சுக் காட்டுவார். நீங்க முதல்ல வெச்சது அவரை இல்ல. வாசல்ல 'மூப்பரே'ன்னு கூப்பிடற சத்தத்தை."

வெங்காயத் தோல் காற்றில் ஓடி முற்றத்து மூலையில் ஒதுங்கியது. மருலாக்குக்குக் கண் எரிந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை அவருடையது. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை, 'அது கடவுளுக்குக் கொடுத்தாச்சு' என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்த பகுதி. எத்தனையோ தடவை வாசித்ததுதான். பரிசேயரைத் திட்டுகிற இடத்தில் குரலை ஏற்றி வாசிப்பது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றும் ஏற்றினார். பாதியில் குரல் நின்றது. தான் திட்டிக்கொண்டிருக்கும் ஆளை இப்போதுதான் அடையாளம் கண்டதுபோல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முடித்துவிட்டார் என்று நினைத்துப் பாடகர் குழு பாட்டை ஆரம்பித்துவிட்டது.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது லம்தியுரிடம் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை உங்கண்ணன் வீட்டுக்குப் போறோம். நானே வர்றேன்."

"போற வழியில யாராவது கூப்பிட்டா?"

"நீயும் படகுல இருப்பேல்ல? பிடிச்சுக் கட்டிப் போடு."

அந்த வாரம் நான்கு பேர் வாசலில் கூப்பிட்டார்கள். ஒரு பிரசவக் காய்ச்சலுக்குப் போய் ஜெபித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். மற்ற மூவருக்கும், அந்த வேலையைச் செய்யக்கூடிய இன்னொருவர் பெயரைச் சொன்னார். "பொந்தாஸைக் கூப்பிடுங்க. அவனுக்கும் தொண்டை இருக்கு." மூப்பருக்கு ஏதோ பெரிய வியாதி என்று ஊரில் பேச்சாகிவிட்டது. வியாழக்கிழமை ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது.

"குடிங்க" என்றாள் லம்தியுர், சிரிப்பை அடக்க முடியாமல். "வீட்டுல இருக்கற வியாதிக்குக் கஞ்சிதான் மருந்து."

சனிக்கிழமை விடியலிலேயே பன்றி அறுத்தார்கள். பெண் கொடுத்த வீட்டுக்குப் போகிறவன் சமைத்த பன்றியோடு போக வேண்டும். அவர்கள் பதிலுக்கு மீனும் சோறும் கொடுப்பார்கள். மருலாக் தன் கையால் வெட்டி வேகவைத்தார். தலை, விலா, பின்தொடை எல்லாம் முறைப்படி அடுக்கிப் பெரிய மரத்தட்டில் வைத்து, மேலே வாழையிலை மூடிக் கயிற்றால் இறுக்கினார். கூடவே ஒரு மூட்டைச் சோறு. ஐந்து பேர் ஏறினாலே விளிம்பு தண்ணீரைத் தொடும் சின்ன மோட்டார் படகு அவர்களுடையது. கணவனும் மனைவியும் ஏறி உட்கார்ந்தபோது தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவில் நான்கு விரல்தான் இருந்தது.

"காத்து வர்றதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார்.

காற்று அன்று சீக்கிரம் வந்துவிட்டது. பாதி ஏரி தாண்டுமுன்பே டெலே மலைச் சரிவிலிருந்து இறங்கித் தண்ணீரைத் தோல் உரித்தது. மருலாக் அலைக்குக் குறுக்கே படகைத் திருப்பியபோது தண்ணீரில் எதுவோ பளபளப்பதைப் பார்த்தார். அலுமினியக் குண்டான். அதற்கப்பால் இன்னொன்று. பிறகு ஏரி முழுக்கக் குண்டான்களும் மூடிகளும் மரக்கரண்டிகளும், ஒரு கல்யாண வீட்டின் சமையல்கட்டே மிதந்துகொண்டிருந்தது.

"ஆளு!" என்றாள் லம்தியுர்.

கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். பங்குருரான் சந்தையில் பாத்திரம் விற்கும் ஜாவாக்கார முஸ்லிம் வாகிமினும் அவர் மனைவி துகினாவும். கரையோர ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த முகம். யாருக்கும் உறவில்லாத முகம். துகினாவின் உதடு நீலமாகியிருந்தது. கை வழுக்கி, பிடித்து, மறுபடி வழுக்கியது.

மருலாக் சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு படகு இல்லை. கீழே குனிந்து மரத்தட்டைப் பார்த்தார். அக்கரையில் தும்பாக்கின் ஊர்க் கூரைகள் தெரிந்தன. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் கால் தானாக எழவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"லம்தியுர். இது உங்கண்ணன் வீட்டுப் பங்கு. உங்கப்பாவுக்காகக் கொண்டுபோறது. ரெண்டு பேரை ஏத்தினா இது படகுல இருக்க முடியாது. நீ சொல்லு."

அவள் ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு நிக்காம வேற எதுக்கு நிப்பீங்க? அந்தப் பக்கம் பிடிங்க."

"தலையை மட்டும் வெச்சுக்கலாமா? முறைக்காவது..."

"தலைதான் இருக்கறதுலயே கனம். தள்ளுங்க!"

தள்ளினார்கள். விடியலில் அடுக்கிய முறையெல்லாம் ஒரே சத்தத்தோடு ஏரிக்குள் போனது. சோற்று மூட்டையும் போனது. வாகிமின் தண்ணீரிலிருந்தே கத்தினார்: "ஐயா, முதல்ல அவளைத் தூக்குங்க! நான் தொத்திக்கிட்டே வந்துடறேன்!"

"தொத்திக்கிட்டு வர நீ என்ன பல்லியா? கையைக் கொடு!"

துகினாவை ஏற்றினார்கள். பிறகு வாகிமினை. லம்தியுர் தன் தோளில் போட்டிருந்த நெசவுத் துணியை எடுத்துத் துகினாவை இறுக்கிச் சுற்றினாள். அண்ணன் முன்னால் போட்டுக்கொண்டு நிற்கவென்று பெட்டியிலிருந்து எடுத்த துணி அது.

கொஞ்சதூரம் போன பிறகு வாகிமின் பல் தந்தியடிக்கக் கேட்டார், "ஐயா, எங்களுக்காக என்ன சாமானைப் போட்டீங்க?"

மருலாக் தயங்கினார். "பன்னி."

வாகிமின் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார். "எங்களைக் காப்பாத்த ஒரு பன்னி மூழ்கிச்சுன்னு ஊர்ல போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

முதலில் சிரித்தவள் துகினா. பிறகு படகே சிரித்தது. மருலாக்கின் சிரிப்பு மட்டும் கரை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்தது. பெண் கொடுத்த வீட்டு வாசலில் வெறுங்கையோடு இறங்கியவன் யாரும் அந்தக் கரையில் இல்லை.

தும்பாக் துறையிலேயே நின்றிருந்தார். பின்னால் அவர் வம்சத்துப் பெரியவர்கள் ஐந்து பேர், நல்ல சட்டை போட்டுக்கொண்டு. தங்கச்சி வருகிறாள் என்று சொல்லி அனுப்பியிருந்ததால், பிடிக்காவிட்டாலும் முறைக்கு நின்றார்கள். படகின் நடுவே தட்டைத் தேடிய பன்னிரண்டு கண்களும் ஒன்றும் காணாமல் மருலாக்கின் முகத்துக்கு வந்தன.

"அன்னிக்கு வேலையை விட்டுட்டுப் போனே" என்றார் தும்பாக். "இன்னிக்குக் கறியை விட்டுட்டு வந்திருக்கே. அடுத்த தடவை வேட்டியாவது இருக்குமா?"

பெரியவர்களில் ஒருவர் இருமினார்.

தும்பாக்கின் மனைவி அதற்குள் நடுங்கும் துகினாவைப் பார்த்துவிட்டாள். "என்ன பேச்சு இது, அந்தப் பொண்ணு வெறைச்சுப்போய் நிக்குது" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து அவளையும் வாகிமினையும் அடுப்படிக்கு அழைத்துப் போனாள்.

மருலாக் படகிலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரிலேயே நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்று இருந்தது. ஏரியில் ஆள் கிடந்ததை முதலில் சொல்லி, அதன் ஈரத்திலேயே பழையதையும் கழுவிவிடலாம் என்று. வாய் திறந்தபோது அது வரவில்லை.

"மச்சான், இன்னிக்கு ஏரியில நின்னது தப்பில்ல. திரும்ப நடந்தாலும் நிப்பேன். ஆனா அன்னிக்குப் போனது தப்பு. இதைக் காட்டி அதை மறைக்க நான் வரல. அங்க யார் வேணா கூப்பிட்டிருக்கலாம். இங்க கத்தி பிடிக்க நான் ஒருத்தன்தான் இருந்தேன். கைதட்டல் கேக்கும்னு போனேன். உங்க சட்டையில ரத்தம் பட்டது என்னால. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறேன்."

இவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பின்னால் நின்ற பெரியவர் காதுக்குக் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே" என்றாள் லம்தியுர். "கறியைக் கவுத்தது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டு."

தும்பாக் ஏரியைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக அலை.

"வேற படகு இருந்துச்சா?"

"இல்ல மச்சான்."

"ம்" என்றார். ஒரு தலைமையாசிரியரின் 'ம்', விடை சரி, எழுத்துதான் கோணல் என்கிற மாதிரி. திரும்பி வீட்டை நோக்கி நடந்தார். மறுபடியும் அதே முதுகு. ஆனால் நான்கடி போய் அந்த முதுகு நின்றது. "தண்ணியிலயே நிக்கப் போறியா? வந்தவங்களுக்குச் சோறாக்கணும். இந்த வீட்டு மருமகன் யாரு, நானா?"

மருலாக் ஓடினார் என்றே சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டினார், அடுப்புக்கு விறகு தள்ளினார், தொட்டியிலிருந்த கெண்டை மீன்களை எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தார். மஞ்சளும் இஞ்சியும் காட்டு மிளகும் அரைத்தார். தண்ணீர் சுமந்தார். பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பெயர் கூப்பிடுகிற மூப்பர், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு, ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்வது அவர்களுக்கு நாடகம் பார்ப்பதுபோல் இருந்தது.

கொஞ்சநேரத்தில் தும்பாக் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "மீனை இப்படியா கிழிப்பாங்க? ஒண்ணாங்கிளாஸ் பையன் பேப்பர் கிழிச்ச மாதிரி."

"மூணு வருஷம் பழக்கம் விட்டுப்போச்சு மச்சான்."

"அப்ப மிச்சம் இருக்கற அஞ்சையும் நீயே கிழி. பழகட்டும்." உள்ளே வந்து, அருகிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போகவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தும்பாக் ஒரு முழுக் கெண்டையைச் சோற்றின் மேல் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, "மருலாக் வீட்டுப் பங்கு!" என்று உரக்கக் கூப்பிட்டார். மருலாக் எழுந்து வாங்கினார். வாங்கிய வேகத்தில் பழக்கதோஷம், தட்டு எதிரே உட்கார்ந்திருந்த வாகிமின் பக்கம் பாதி போய்விட்டது. ஆஹா என்று சொல்ல ஒரு பெரியவர் வாயைக்கூடத் திறந்துவிட்டார். மருலாக் கையை இழுத்துக்கொண்டார். தட்டை லம்தியுரின் முன்னால் வைத்தார்.

அவள் தட்டை அருகில் இழுத்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் முன்னால் வந்த முதல் பங்கு. பிறகு தன் கையால் மீனைப் பிட்டு, நடுத்துண்டைத் துகினாவின் இலையில் வைத்தாள். அடுத்ததை வாகிமினுக்கு. தலையைப் புருஷனுக்கு. "மீனுதான், தைரியமாச் சாப்பிடுங்க" என்றாள் துகினாவிடம். "பன்னியை நாங்க உங்க கண்ணு முன்னாடியே அனுப்பிட்டோம்."

தும்பாக் தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்தாள் அவர் மனைவி. சிரித்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது அவர் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருலாக்கும் கேட்கவில்லை. வாகிமினும் துகினாவும் பஸ்ஸில் பங்குருரான் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் பின்சார் கேட்டான், "மாமா வருவாராம்மா?"

"மீன் கொடுத்தாரு" என்றாள் லம்தியுர். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

கல்யாண நாள் காலை சபையில் மோதிரம் மாற்றியாயிற்று. போதகர் ஆசீர்வதித்தாயிற்று. பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ரியாமாவின் அப்பா கைகட்டிக்கொண்டு துறைப்பக்கமே பார்த்தார். மாமன் பக்கத்துப் பாய்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ரியாமா தலை நிமிரவே இல்லை. பங்கு கூப்பிட நின்ற பொந்தாஸ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தான்.

முதலில் மேளச் சத்தம்தான் கேட்டது, தண்ணீர் வழியாக. பிறகு மலைமுனையைச் சுற்றிக்கொண்டு படகுகள் வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒன்பதில் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். தும்பாக்கின் வம்சம் முழுக்க வந்திருந்தது. மெடான் நகரத்தில் இருக்கும் மகளும் பேரப்பிள்ளைகளும்கூட. முன்படகில் நின்றபடி வந்தார் அவர், வெள்ளைச் சட்டையில், மடித்த துணி தோளில், பக்கத்தில் கூடை கூடையாக மீன். துறையில் இறங்கியதும் முதலில் பின்சாரின் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"ஆள் அனுப்பியா மாமனைக் கூப்பிடுவே? உங்கப்பன் மாதிரி நேர்ல வந்து நிக்கக் கத்துக்கோ."

"சரி மாமா" என்றான் பின்சார், தலையைத் தடவிக்கொண்டே, பல்லெல்லாம் தெரிய.

மேளம் மாறியது. தும்பாக் பந்தலின் நடுவே போய் ரியாமாவின் கையைப் பிடித்து எழுப்பினார். இத்தனை நாள் வகுப்பறையில் கிடந்த குரல் இப்போது வெளியே வந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் பொண்ணு இன்னியிலேர்ந்து என் பொண்ணு. மெடான்ல ஒருத்தி, இங்க ஒருத்தி. இவளுக்கு ஒரு குறைன்னா என் வாசலுக்கு வந்து கேளுங்க!"

துணியை விரித்து மாப்பிள்ளை பெண் இருவரையும் சேர்த்துப் போர்த்தினார். மூன்று தடவை "ஹோராஸ்!" என்று வாழ்த்தினார். பந்தலில் இருந்த நானூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். ரியாமாவின் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பெண் கொடுத்த வீட்டார் முன்னால் மருமகன் வீட்டார் ஆட வேண்டிய நேரம். உள்ளங்கையை மேலே ஏந்தி, உடம்பைத் தாழ்த்தி, ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ளும் ஆட்டம். ஐம்பத்தேழு வயது மருலாக், முழங்காலில் வாதம், தொப்பை வேறு. லம்தியுரின் பக்கத்தில் நின்று ஆட ஆரம்பித்தவர், தும்பாக்கின் கால்வரை தாழ்ந்துவிட்டார். தாழ்ந்தவருக்கு எழ முடியவில்லை.

"மச்சான்" என்றார் கீழேயிருந்து. "கையைக் கொடுங்க. மாட்டிக்கிட்டேன்."

தும்பாக் குனிந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அந்த வேகத்தில் இருவரும் நெஞ்சோடு நெஞ்சு மோதி, கீழே விழாமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர்கள் நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக அடித்தார்கள். லம்தியுர் இருவரையும் சுற்றிச் சுற்றி ஆடினாள், கையை மேலே தூக்கி, ஏரி கேட்கும்படி கூவிக்கொண்டு.